சனிப்பெயர்ச்சி எந்தத் தேதி? இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறவன் திருநள்ளாறு போகலாமா?

மாயவரத்து_மாஸ்டர்
27 மார்ச் 2025, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். பகலெல்லாம் கெப்ளர் விதி, நியூட்டன் ஈர்ப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா கையில் ராசிபலன் புத்தகம்.

அம்மாவுக்கு மகர ராசி. சனி கும்பத்தை விட்டு மீனத்துக்குப் போனால் ஏழரை முடியும். இன்றைய வானியல் அளவை வைத்துக் கணிக்கிற திருக்கணிதக்காரர்கள் நாளை மறுநாள், 29-ஆம் தேதி என்கிறார்கள். திருநள்ளாறு கோயிலிலோ பழைய மனப்பாட வாக்கியங்களை வைத்துக் கணிக்கிற வாக்கியப் பஞ்சாங்கம்தான் முறை. அந்தக் கணக்கில் 2026 மார்ச் 6. அதாவது ஒரு பஞ்சாங்கத்தில் அம்மாவுக்கு இந்த வாரமே விடுதலை, இன்னொன்றில் கிட்டத்தட்ட இன்னும் ஒரு வருஷம் உள்ளே. மேலே இருக்கிற சனி ஒன்றுதானே ஐயா?

வேடிக்கைக்காக மட்டும் கேட்கவில்லை. நான் நாத்திகன் இல்லை. திருநீறு இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை, பிரதோஷம் விடுவதில்லை. ஆனால் சனி என்பது ஹைட்ரஜனும் ஹீலியமும் திரண்ட வாயுக் கோளம் என்று நானே பாடம் நடத்திவிட்டு, அதே சனிக்கு எள் தீபம் ஏற்றினால் வகுப்பில் எந்த முகத்தோடு நிற்பது? "அறிவியலும் ஆன்மிகமும் ஒண்ணுதான் சார்" என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. நீங்களெல்லாம் இதை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?


தொலைநோக்கி_தம்பி
27 மார்ச் 2025, இரவு 11.15

அண்ணே, முதல்ல வானத்தை முடிச்சிடுவோம். அது ஈஸி.

வசந்த சமபகல் புள்ளியிலேர்ந்து அளந்தா 29-ஆம் தேதி சனி ஏறக்குறைய 354 பாகையில நிக்குது. நம்ம ராசிச் சக்கரம் அந்தப் புள்ளியிலேர்ந்து விலகி ஆரம்பிக்கற அளவு அயனாம்சம். அது 24 பாகை 12 கலைன்னு (ஒரு பாகைக்கு 60 கலை) கழிச்சா 330. மீனத்தோட வாசப்படி. திருக்கணிதம் சரி, அவ்வளவுதான். 2026 மார்ச் 6 அன்னைக்கு நீங்க பார்க்கும்போது சனி அந்த வாசப்படியைத் தாண்டி எட்டு பாகை போயிருக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினா பத்து பாகை. கிட்டத்தட்ட அந்த அளவு பிசகு. சின்னப் பிசகு இல்லை.

ஏன் பிசகுச்சு? வாக்கியத்துக்கு மூலம் 1500 வருஷத்துக்கு முந்தைய ஆரியபடீயம். அதுல 43,20,000 வருஷத்துக்கு சனி 1,46,564 சுற்றுன்னு இருக்கு. வகுத்தா ஒரு சுற்றுக்கு 29.475 வருஷம். இன்னைக்கு அளந்து வச்சிருக்கறது 29.457. ஒரு சுற்றுக்கு ஏழு நாள்கூட முழுசா வித்தியாசம் வரலை! தொலைநோக்கி இல்லாத காலத்துல இந்தத் துல்லியத்துக்கு நான் கும்பிடுவேன். ஆனா 1500 வருஷத்துல சனி 51 சுற்று சுத்தியிருக்கு. அந்த ஏழு நாளை 51-ஆல பெருக்குங்க. பதினோரு மாசத்துக்கு மேல வரும். உங்க ரெண்டு தேதிக்கும் நடுவுல இருக்கறது எவ்வளவு?

இப்போ போய்ப் பார்க்கலாம்னா முடியாது. 12-ஆம் தேதிதான் சூரியனுக்குப் பின்பக்கம் கடந்திருக்கு, விடியற வெளிச்சத்துல மாட்டிக்கிட்டிருக்கு. 23-ஆம் தேதி வளையம் விளிம்பைக் காட்டிட்டு நின்னுச்சு. பதினைஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற சங்கதி, வெயில்ல போச்சு. வயித்தெரிச்சல்.


சிவமயம்_69
28 மார்ச் 2025, காலை 6.02

ஓம் நமசிவாய. திருநள்ளாறு கோயிலுக்கு நேர் மேலே வரும்போது எல்லா செயற்கைக்கோள்களும் 3 வினாடி நின்றுவிடுகின்றன. சனி கிரகத்தில் இருந்து வரும் கருநீலக் கதிர்கள் அங்கே விழுவதே காரணம். நாசா விஞ்ஞானிகளே வியந்து கைகூப்பி வணங்கினார்கள். அறிவியலை மிஞ்சிய ஆன்மிகம். அனைவருக்கும் பகிரவும் 🙏🙏🙏


தொலைநோக்கி_தம்பி
28 மார்ச் 2025, காலை 7.20

ஐயா, இது வருஷாவருஷம் வர்ற ஃபார்வர்டு. தாழ்வான பாதையில போற செயற்கைக்கோளுக்கு வேகம் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர். அந்த வேகம் இருக்கறதாலதான் மேலயே இருக்கு. நின்னா விழுந்துடும். "நிக்கற" மாதிரி தெரியறது பூமத்திய ரேகைக்கு மேல 35,786 கிலோமீட்டர் உயரத்துல இருக்கறவை. அது ஒண்ணுகூட திருநள்ளாறு தலைக்கு நேரா வராது, ஊர் பதினோரு பாகை வடக்குல இருக்கு. சனி நமக்கு ரொம்பக் கிட்ட வந்தாலும் 120 கோடி கிலோமீட்டர் தள்ளி. அங்கேர்ந்து ஒரு தாலுகாவைக் குறிபார்த்துக் கதிர் அடிக்காது.

ஏழரைக்கும் ஏழரைக்கும் சம்பந்தம் இருக்கான்னு யாரும் ஆரம்பிச்சிடாதீங்க.


ஈரோட்டுக்காரன்
28 மார்ச் 2025, காலை 10.48

தோழர் மாஸ்டர், உங்கள் கேள்வியின் நேர்மை பிடித்திருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்பது தப்பான கேள்வி. எந்தத் தேதி என்பதல்ல பிரச்சினை. சனி நகர்வதால் உங்கள் தாயாருக்கு ஏதாவது ஆகுமா என்பதுதான் பிரச்சினை. அதற்குச் சோதனை நடந்திருக்கிறது.

வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் மகாராஷ்டிரத்தில் 2008-இல் செய்தது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர் ஆகியோரின் பிறந்த விவரங்களைத் திரட்டினார்கள். ஜோதிடர் ஒவ்வொருவருக்கும் 40 ஜாதகங்கள். எது எந்தக் குழந்தை என்று சொன்னால் போதும். ஒப்புக்கொண்டவர்கள் 51 பேர், விடை அனுப்பியவர்கள் 27 பேர். சரியாகச் சொன்னது 46 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தால் இதைவிடக் கொஞ்சம் கூடவே வந்திருக்கும். அந்தச் சோதனைக்குத் துணை நின்ற மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தின் நரேந்திர தாபோல்கரை 2013-இல் புனேயில் சுட்டுக் கொன்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இது வெறும் வீட்டுச் சடங்கு விவகாரம் இல்லை.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று அரசியல் சட்டத்தில் 51ஏ பிரிவிலேயே இருக்கிறது, 1976-இல் சேர்த்தார்கள். ஆசிரியருக்கு அது இரண்டு மடங்கு. உங்கள் திருநீறு உங்கள் நெற்றி, அதில் எனக்கு வழக்கு இல்லை. எள் தீபத்தில்தான் வழக்கு.


வாக்கியத்_தாத்தா
28 மார்ச் 2025, மாலை 4.30

பெரியவன்கற முறையில நானும் ரெண்டு வார்த்தை சொல்றேன். எங்காத்துல பஞ்சாங்கம் கணிக்கறது மூணு தலைமுறையா. நான் ரயில்வேயில கணக்குப் பார்த்து ரிடையர் ஆனவன். அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

தொலைநோக்கித் தம்பி சொன்னது பெரும்பாலும் சரி. ஆனா பதினோரு மாசம்னு அவர் பெருக்கி வந்தது கொஞ்சம் அதிர்ஷ்டம். நடுவுல கேரளத்து ஜோதிஷர் ஹரிதத்தர் 683-ல திருத்தம் சொன்னார், அதுல சனிக்கும் கொஞ்சம் கூட்டினார். அயனாம்சமும் ரெண்டு பஞ்சாங்கத்துக்கும் ஒண்ணில்லை. கூட்டல் கழித்தல் எல்லாம் சேர்ந்து அங்க வந்து நிக்கறது. காரணம் மட்டும் நீர் சொன்னதேதான்: மூலத்துல துளி பாக்கி, வட்டி ஏறிடுத்து.

வாக்கியம்னா என்னன்னு இங்க எத்தனை பேருக்குத் தெரியும்? சந்திரனுக்கு 248 வாக்கியம். ஏன் 248? சந்திரன் பூமிக்குத் தூரமா போய் மறுபடி அதே தூரத்துக்கு வர 27 நாளும் அரைக்குக் கொஞ்சம் மேலயும் ஆகும். அப்படி ஒன்பது தடவை வந்தா 248 நாள், சுத்தமா. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சின்ன சொற்றொடர். முதல் வாக்கியம் "கீர் ந: ச்ரேய:". இதுல எழுத்துக்கு எழுத்து ஒரு எண். கீ-ங்கறது சமஸ்கிருத க-வர்க்கத்துல மூணாவது எழுத்து, அது 3. ந பூஜ்யம். ர 2. ய 1. பின்னாலேர்ந்து படி: 1203. பன்னிரண்டு பாகை மூணு கலை. முதல் நாள் சந்திரன் நகர்ந்த தூரம். பேப்பர் வேண்டாம், பேனா வேண்டாம், அட்டவணை நாக்குல இருக்கு.

1825-ல ஜான் வாரன்னு ஒருத்தர், மதராஸ் வானாய்வகத்துல வேலை பார்த்தவர், பாண்டிச்சேரியில ஒரு பஞ்சாங்கக்காரரை உட்கார வச்சு சந்திர கிரகணம் கணிக்கச் சொன்னார். அந்த மனுஷன் தரையில சோழியை அடுக்கி, வாக்கியத்தை முணுமுணுத்துண்டே போட்டார். கிரகணம் ஆரம்பிச்ச நேரத்துல பிசகு நாலே நிமிஷம். நடுவுல 23, முடியறப்போ 52. வாரன் அதை அப்படியே எழுதி வச்சுட்டுப் போயிருக்கார்.

இப்ப ஈரோட்டுக்காரருக்கு. "சாஸ்திரம் ரிஷி வாக்கு, மாத்தப்படாது"ன்னு கத்தறவா நிறைய. அவாளுக்கு சாஸ்திரமும் தெரியாது. கேரளத்துல நிளா நதிக்கரையில பரமேச்வரன்னு ஒரு நம்பூதிரி, 55 வருஷம் கிரகணம் கிரகணமா பார்த்துட்டு, பழைய கணக்கு வானத்தோட ஒட்டலைன்னு 1431-ல த்ருக்கணிதம் எழுதினார். அவர் பிள்ளைகிட்ட படிச்ச நீலகண்ட சோமயாஜி ஒரு படி மேல. பார்த்துத் திருத்தணும், திருத்தினதை மறுபடி பார்த்து மறுபடி திருத்தணும், அதுதான் சாஸ்திரம்னு ஒரு நூலே பண்ணினார். சோமயாஜின்னா சோமயாகம் பண்ணினவர். அக்னி வளர்த்த கைதான் பாகையும் அளந்தது.

அப்புறம் நான் ஏன் இன்னும் வாக்கியம் பார்க்கறேன்? ஊர் சேர்ந்து ஒரு நாள்ல ஒரு காரியம் பண்ணணும், அதுக்கு. எங்க அப்பா சிரார்த்தத் திதி வாக்கியத்துல வர்ற நாள். மாத்த மாட்டேன்.


லேபர்_வார்டு
29 மார்ச் 2025, அதிகாலை 3.10

நைட் டூட்டி. தூக்கம் வராததால் படித்தேன். மகப்பேறு மருத்துவர் நான்.

தாத்தா சொன்ன "ஊர் சேர்ந்து ஒரு நாள்" அழகாக இருக்கிறது. என் மேஜைக்கு வருகிற பஞ்சாங்கம் வேறு மாதிரி. சிசேரியனுக்குத் தேதி கொடுத்தால் மறுநாள் ஒரு துண்டுச் சீட்டு வரும், காலை 10.42 முதல் 11.05 வரை என்று. ஒரு முறை ஒரே பெண்ணுக்கு இரண்டு சீட்டு வந்தது. அம்மா வீட்டு ஜோசியர் வாக்கியம், மாமியார் வீட்டு ஜோசியர் திருக்கணிதம். ஒருவர் கணக்கில் ரோகிணி பிறந்துவிட்டது, இன்னொருவர் கணக்கில் இன்னும் கார்த்திகை. தாழ்வாரத்தில் இரண்டு சம்பந்திகளும் குரலை உயர்த்திக்கொண்டிருந்தபோது உள்ளே குழந்தையின் இதயத் துடிப்பு இறங்க ஆரம்பித்தது. எந்த நட்சத்திரம் என்று பார்க்காமல் எடுத்தோம். நன்றாக அழுதது.

கிரகண நாள் இன்னும் மோசம். மாத்திரை போடாத நீரிழிவுக் கர்ப்பிணிகள், தண்ணீர் குடிக்காமல் மயங்குகிறவர்கள். இன்றைக்குக்கூட எங்கோ வட அட்லாண்டிக் பக்கம் தெரியப்போகிற பகுதிச் சூரிய கிரகணம், இந்தியாவில் துளியும் தெரியாது. அதற்கும் இரண்டு போன் வந்துவிட்டது.

மாஸ்டர் கேட்டதற்கு என் பதில்: தியேட்டருக்குள் போகும் முன் "முருகா" என்று சொல்லாமல் நான் கத்தியைத் தொட்டதில்லை. அதை மறைப்பதும் இல்லை. ஆனால் எங்கே வெட்ட வேண்டும், எப்போது வெட்ட வேண்டும் என்று முருகன் எனக்குச் சொல்வதில்லை. அதைப் படிப்பும் அனுபவமும் மானிட்டரும்தான் சொல்கின்றன. கை நடுங்காமல் இருக்க அவன் வேண்டும், அவ்வளவே. யாராவது இதையும் மூடநம்பிக்கை என்றால் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் இதையும் அந்தத் துண்டுச் சீட்டையும் ஒரே கூடையில் போட்டால் வருவேன்.


வேதாரண்யம்_உப்பு
29 மார்ச் 2025, காலை 8.25

எங்கள் ஊர்க் கதை ஒன்று. திருமறைக்காட்டில் சம்பந்தரும் அப்பரும் தங்கியிருந்தபோது, மதுரையிலிருந்து பாண்டிமாதேவியின் அழைப்பு வருகிறது. பெரியவர் அப்பர் தடுக்கிறார்: நாளும் கோளும் சரியில்லை, இப்போது போக வேண்டாம். சம்பந்தர் பாடியதுதான் கோளறு பதிகம். சனியையும் ராகு கேதுவையும் சேர்த்து வரிசையாகச் சொல்லி, சிவனடியாருக்கு அவையெல்லாம் நல்லவையே என்று முடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

வேடிக்கை என்னவென்றால் அதே பதிகத்தை இன்றைக்கு "நவக்கிரக தோஷ நிவர்த்திக்கு" என்று அச்சடித்து விற்கிறார்கள். கோளைப் பார்த்துப் பயப்படாதே என்று பாடியதைக் கோளுக்குப் பரிகாரமாக மாற்றிவிட்டோம். திருநள்ளாற்றில் மூலவர் தர்ப்பாரண்யேசுவரர். சனிக்கு வாசல் பக்கத்தில் சந்நிதி. உள்ளே போகாமல் வாசலோடு திரும்புகிற கூட்டத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மாஸ்டரின் பிரச்சினை அறிவியலால் வந்தது என்று நினைக்கிறீர்கள். சைவமே அவரைக் கேள்வி கேட்கும்.


ஈரோட்டுக்காரன்
29 மார்ச் 2025, பிற்பகல் 12.05

வேதாரண்யத்தாரே, நல்ல கதை. ஆனால் அடியார் அல்லாதவருக்குக் கோள்கள் கெடுதல் செய்யும் என்ற வாசல் அதில் திறந்தேதானே இருக்கிறது?

தாத்தாவுக்கு ஒன்று. நீலகண்டர் திருத்தச் சொன்னார், சரி. நீங்கள் திருத்தவில்லையே. 1952-இல் வானியற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையில் அரசாங்கமே குழு போட்டது. நாட்டில் 30 விதப் பஞ்சாங்கங்கள் இருக்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். 1957 மார்ச் 22 முதல் தேசிய நாள்காட்டி நடைமுறைக்கு வந்தது. அது அரசிதழில் இருக்கிறது, ஆகாசவாணி சொன்னது. எந்தக் கோயிலில் இருக்கிறது? சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-இல். நாம் உத்தராயணம் என்று ஜனவரியில் கொண்டாடுகிறோம். பார்த்துத் திருத்துகிற மரபு செத்துப் பல நூறு ஆண்டு ஆகிறது. இறந்தவர்களின் நேர்மையைக் காட்டி இருப்பவர்களின் சோம்பலை மறைக்காதீர்கள்.


வாக்கியத்_தாத்தா
29 மார்ச் 2025, மாலை 5.15

சோம்பல்னு சொன்னது உறைக்கறது. உறைக்கட்டும். எங்களவாள்ல நிறைய பேருக்கு வாக்கியம் தெரியும், வானம் தெரியாது. திதி அஞ்சு நாழிகைக்கு மேல வளராது, ஆறுக்கு மேல குறையாதுன்னு "பாண விருத்தி, ரஸ க்ஷயம்"னு ஒரு சூத்திரம் வச்சிண்டு, சந்திரனே அதுக்குக் கட்டுப்பட்டு நடக்கணும்கறா. நிஜ சந்திரன் ஏழும் வளரும், பத்தும் தேயும்.

ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கேன். அமாவாசை, பௌர்ணமியில வாக்கியம் அவ்வளவா பிசகறதில்லை. அஷ்டமி வாக்குலதான் மணிக்கணக்குல விலகும்.


தொலைநோக்கி_தம்பி
29 மார்ச் 2025, இரவு 8.50

தாத்தா, அதுக்கு அருமையான காரணம் இருக்கு. சந்திரன் ஓட்டத்துல ரெண்டு பெரிய ஏத்த இறக்கம். ஒண்ணு அதோட பாதை நீள்வட்டமா இருக்கறதால. இன்னொண்ணு சூரியன் அந்தப் பாதையையே இழுத்து நெளிக்கறதால. அமாவாசை பௌர்ணமியில ரெண்டாவது முதலாவதோட ஒட்டிக்கிட்டே வந்து, ஆறே கால் பாகை ஏத்த இறக்கத்தை அஞ்சு பாகையா காட்டும். கிரகணத்தை வச்சே அளந்தவங்களுக்கு அந்த அஞ்சுதான் கிடைக்கும். கிரகணத்துக்கு அது போதும். அரை நிலா அன்னைக்குப் போதாது. சோழிக்காரர் நாலு நிமிஷத்துல பிடிச்சது இதனாலதான். அவங்க எதைப் பார்த்தாங்களோ அதுல சரியா இருந்தாங்க.

ஈரோட்டு அண்ணனுக்கு: மரபு முழுசா சாகலை. சிந்தாமணி ரகுநாதாச்சாரி தெரியுமா? பஞ்சாங்கக் குடும்பம், நாமம் போட்ட வைஷ்ணவர். மதராஸ் வானாய்வகத்துல அதோட தலைவர் போக்சனுக்குக் கீழ முதல் உதவியாளர். 1867-ல ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டுபிடிச்சார். 1868 முழு சூரிய கிரகணத்தை வனபர்த்தியில போய்ப் பார்த்தார். 1872-ல லண்டன் ராயல் வானியல் கழக உறுப்பினர். 1874-ல வெள்ளி, சூரியனைக் கடந்தப்போ பொது ஜனத்துக்காகச் சிறு நூல் எழுதி இந்திய மொழிகள்ல போட்டார், ஒரு பண்டிதரோட வாதம் பண்ற மாதிரி. த்ருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டு, சொந்தச் சனங்ககிட்டயே திட்டு வாங்கினார். எனக்கு இவர்தான் ஹீரோ. ராமானுஜன் நாமகிரித் தாயார் கதையை எல்லாரும் சொல்றோம், இவரை மறந்துட்டோம்.


பிறை_நாகூர்
1 ஏப்ரல் 2025, இரவு 10.05

பெருநாள் முடிந்து வருகிறேன். எல்லாருக்கும் வாழ்த்துகள், பிரியாணி மிச்சமில்லை.

உங்கள் சண்டையைப் படிக்கப் படிக்க எங்கள் வீட்டில் ரமலானுக்கு ரமலான் நடப்பது போலவே இருந்தது. டாக்டர் சொன்ன அந்த 29-ஆம் தேதி கிரகணம் என்பது வேறொன்றுமில்லை, அமாவாசைக் கணம். நம் நேரத்துக்கு மாலை நாலரை மணி வாக்கில். சில மணி நேரமே வயதான பிறை அன்று மாலை கண்ணுக்குத் தெரியாது என்பது வானியல். ஆனாலும் சவூதியில் 30-ஆம் தேதி பெருநாள். நமக்கு 31. எங்கள் தெருவில் சில வீடுகளில் 30-ஆம் தேதியே தொழுதுவிட்டார்கள். வாப்பா நோன்பு, மச்சான் வீட்டில் வட்டலப்பம்.

எங்களில் மூன்று கட்சி. நம் ஊரில் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது ஒன்று. உலகில் எங்கே பார்த்தாலும் போதும் என்பது ஒன்று. கணக்கே போதும், தொழுகை நேரத்துக்குக் கடிகாரத்தை ஏற்றுக்கொண்டோமே என்பது மூன்றாவது. துருக்கியில் கணக்குத்தான். வட அமெரிக்காவிலும் ஒரு ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) கவுன்சில் 2006 முதல் கணக்குக்கு மாறியது.

நான் கணினித் துறை. எப்போது அமாவாசை என்று நொடி சுத்தமாக போனில் வந்துவிடும். ஆனாலும் 29-ஆம் நோன்பு மாலை பிள்ளைகளோடு மொட்டை மாடிக்குப் போவேன். தெரியாது என்று கணக்கு சொல்கிற நாளில் போக மாட்டேன், அது கண்ணுக்கு நான் கொடுக்கிற மரியாதை. தெரியும் என்று சொல்கிற நாளில் போனைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவும் மாட்டேன், பார்ப்பதும் ஒரு வணக்கம். "தெரியவே முடியாத பிறையைப் பார்த்தேன்" என்று ஒருவர் சாட்சி சொன்னால் அதை ஏற்கலாமா என்பதில்தான் எனக்கும் என் மச்சானுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது.

பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் ஸலாம் 1979-இல் நோபல் விருந்தில் பேசும்போது குர்ஆன் வசனத்தைச் சொன்னார்: வானத்தைப் பார், குறை தெரிகிறதா, மறுபடி பார், பார்வை களைத்துத் திரும்பும் என்ற பொருளில். பார் என்பதுதான் கட்டளை. அவரை அவர் நாடு எப்படி நடத்தியது என்பது வேறு கதை, பேசினால் இரத்தக் கொதிப்பு.


மாயவரத்து_மாஸ்டர்
3 ஏப்ரல் 2025, இரவு 9.15

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, விடைத்தாள் திருத்தும் பணி.

எல்லாரும் சொன்னதைப் போட்டுக் குழப்பிக்கொண்டதில் எனக்கு ஒன்று பிடிபட்டது. நான் "அறிவியலா, நம்பிக்கையா" என்று ஒரே கோடு போட்டிருந்தேன். பஞ்சாங்கத்தைத் திறந்தால் ஒரே பக்கத்தில் மூன்று வகைப் பேச்சு இருக்கிறது. சனி இன்ன இடத்தில் நிற்கிறது என்பது ஒன்று. அதை வானம்தான் தீர்க்கும், தம்பி தீர்த்துவிட்டார். இன்ன நாளில் ஊர் கூடுகிறது என்பது இரண்டாவது. தாத்தாவின் அப்பா திதி, பிறை பாயின் மொட்டை மாடி எல்லாம் இதில் சேரும். இதில் சரி தப்பு என்பதே இல்லை, சேர்ந்தால் உண்டு. மகர ராசிக்கு நல்லது, கும்பத்துக்குப் பணமுடை என்பது மூன்றாவது. அது உலகத்தைப் பற்றிய பேச்சு, ஆகவே சோதிக்கலாம், நார்லிகர் சோதித்தார், தோற்றது.

என் நம்பிக்கைக்கு இரண்டாவது வேண்டும். மூன்றாவது வேண்டாம். மூன்றாவதைக் காப்பாற்றத்தான் முதலாவதில் பொய் சொல்ல வேண்டி வருகிறது, செயற்கைக்கோள் நின்றது, கருநீலக் கதிர் விழுந்தது என்று. அந்த ஃபார்வர்டு எழுதியவருக்கு உண்மையில் பக்தி போதவில்லை. சனீஸ்வரனுக்கு நாசாவின் கையெழுத்து வாங்கப் பார்க்கிறார்.

அம்மாவிடம் இரண்டு தேதியையும் விளக்கினேன். வானத்தில் 29-ஆம் தேதியே முடிந்துவிட்டது, கோயிலில் அடுத்த வருஷம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ இப்ப ஒரு தடவை போவோம், அப்ப ஒரு தடவை போவோம்" என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை போனோம். நளன் தீர்த்தத்தில் குளித்தோம். தர்ப்பாரண்யேசுவரரைத்தான் முதலில் பார்த்தோம், வேதாரண்யத்தார் புண்ணியம். எள் தீபம் அம்மா ஏற்றினாள். நான் பக்கத்தில் நின்றேன்.


ஈரோட்டுக்காரன்
3 ஏப்ரல் 2025, இரவு 11.30

மூன்று அறைகளும் உங்கள் தலைக்குள் சுத்தமாகப் பிரிந்திருக்கின்றன. வாழ்த்துகள். ஆனால் திருநள்ளாற்றுக்கு வரும் லட்சம் பேரில் எத்தனை பேர் இரண்டாவது அறைக்காக வருகிறார்கள்? பயத்தினால் வருகிறார்கள். ஏழரைச் சனி என்று பெண் பார்ப்பது நிற்கிறது, கடை திறப்பது நிற்கிறது, பரிகாரம் என்று கடன் வாங்குகிறார்கள். அந்தப் பயம்தான் உங்கள் அழகான கூட்டத்தைக் கூட்டுகிறது. மூன்றாவது அறையைப் பூட்டினால் இரண்டாவதில் ஆள் இருக்காது தோழர்.

நீங்கள் பக்கத்தில் நின்றதாகச் சொன்னீர்களே, உங்கள் மாணவன் ஒருவன் அதைப் பார்த்திருந்தால் எந்த அறையில் நிற்கிறீர்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?


மாயவரத்து_மாஸ்டர்
4 ஏப்ரல் 2025, காலை 6.50

தெரியாது. அவன் கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் இனி பாடத்தில் சொல்லப் போகிறேன். சனியின் சுற்றுக் காலத்தை நடத்தும்போது 1,46,564 என்ற எண்ணையும், இரண்டு தேதியையும், 46 விழுக்காட்டையும் ஒரே வகுப்பில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். தலைமையாசிரியர் என்ன சொல்வாரோ.

பயம்தான் கூட்டுகிறது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் அம்மா பயந்து வரவில்லை என்று சொல்ல ஆசை. பாதி பயம்தான்.


லேபர்_வார்டு
4 ஏப்ரல் 2025, பிற்பகல் 2.20

பாதி பயத்தோடுதான் என்னிடமும் எல்லாரும் வருகிறார்கள் மாஸ்டர். பயந்தவரிடம் பொய் சொல்லிக் காசு வாங்குகிறோமா என்பதில்தான் வித்தியாசம். அந்தக் கேள்வியை எங்கள் தொழிலிலும் கேட்கலாம், நான் தடுக்க மாட்டேன்.


வாக்கியத்_தாத்தா
15 ஏப்ரல் 2025, காலை 9.00

விசுவாவசு வருஷப் பிறப்பு ஆசீர்வாதம் எல்லாருக்கும், ஈரோட்டுக்காரருக்கும் சேர்த்து. நேத்திக்குக் கோயில்ல பஞ்சாங்கம் வாசிச்சேன். சனி விஷயம் வந்தப்போ, "இது வாக்கியக் கணக்கு, வானத்துல முன்னாடியே போயாச்சு"ன்னு சொன்னேன். ரெண்டு பேர் எழுந்து போயிட்டா. ஒரு பையன் மட்டும் வந்து எவ்வளவு பாகைன்னு கேட்டான்.

இப்ப ஒரு பந்தயம். செப்டம்பர் 7 ராத்திரி முழு சந்திர கிரகணம், நம்மூர்ல முழுசா தெரியும். அச்சடிச்ச நேரம் எதையும் பார்க்காம, வாக்கியத்தை மட்டும் வச்சு நான் கணிச்சு, ஒரு வாரம் முன்னாடி இங்கேயே போடறேன். சோழி இருக்கு, எங்க தாத்தாவோடது. தொலைநோக்கித் தம்பி வாட்சைப் பிடிக்கட்டும். பாண்டிச்சேரிக்காரருக்கு 4, 23, 52. எனக்கு என்ன வர்றதுன்னு பார்ப்போம்.


தொலைநோக்கி_தம்பி
15 ஏப்ரல் 2025, காலை 9.40

தாத்தா!! ரெடி. மத்தவங்களுக்கு மட்டும் சொல்றேன், நீங்க அடுத்த வரியைப் படிக்காதீங்க: 9.57-க்குப் பிடிக்கும், 11.01-லேர்ந்து 12.23 வரைக்கும் முழுசு, 1.26-க்கு விடும். மாஸ்டர் அண்ணே, பள்ளிக்கூட மைதானம் கிடைக்குமா? பசங்க நோட்டோட வரட்டும். பிறை பாயும் வாங்க, மச்சானையும் கூட்டிட்டு வாங்க.


ஈரோட்டுக்காரன்
15 ஏப்ரல் 2025, முற்பகல் 11.10

நானும் வருகிறேன். முழு கிரகணம் நடக்கும்போது மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிடுவேன். யாரும் ஆட்சேபிக்கக் கூடாது.


வாக்கியத்_தாத்தா
15 ஏப்ரல் 2025, முற்பகல் 11.25

பேஷா சாப்பிடும். எனக்குக் கிரகணம் விட்டு மோட்ச ஸ்நானம் ஆகற வரைக்கும் சாப்பாடு கிடையாது. பரோட்டாவை மட்டும் காத்து வீசற பக்கமா பார்த்து எனக்குத் தள்ளி வச்சுக்கோரும், கணக்கு தப்பினா அதைச் சாக்கு சொல்லப் போறேன்.